மாமன் மகளும் மகளிர் வார்டும்

ஒன்றியக் கவுன்சிலர் அரங்கநாதன் பதவிக்கு ஆசைப்பட்டவர் அல்ல. பதினைந்து வருஷமாக அது அவர் வீட்டிலேயே இருந்து பழகிவிட்டது, அவ்வளவுதான். சின்னசேலம் பக்கத்திலிருந்த அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோதுகூட அவர் கலங்கவில்லை. மனைவி காசியம்மாளை நிறுத்திவிட்டால் ஆயிற்று. தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கையில்தான் கட்சித் தலைமையின் அறிவிப்பு வந்தது: குடும்ப அரசியலை வேரோடு களையும் பொருட்டு, பதவியில் இருப்போரின் உறவினருக்கு இனி சீட்டு இல்லை.

அரங்கநாதன் அதை மூன்று முறை படித்தார். உறவினர் கூடாது என்றால் உறவை இல்லாமல் செய்துவிட வேண்டியதுதான்! கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போய், மாதக்கணக்கில் அலைந்து, மனமொத்து விவாகரத்து வாங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு வந்தார்கள். ஜெயித்ததும் மறுபடி தாலி கட்டுவதாக ஏற்பாடு.

நேர்காணலில் மேலிடப் பார்வையாளர் வியாகுலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இந்தம்மா உங்களுக்கு இன்னா உறவு?"

"ஒண்ணும் இல்லைங்க. தீர்ப்பு நகல் இருக்குது, பாருங்க."

வியாகுலம் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "சரி. கல்யாணத்துக்கு முந்தி?"

"சொந்த மாமன் மகளுங்க."

"அப்போ பொண்டாட்டி உறவுதான் ரத்தாகியிருக்குது. மாமன் மகள் அப்படியே இருக்குதே!"

"அதையும் ரத்து பண்ணிடறேங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போவணும்?"

"அதுக்குக் கோர்ட்டு இல்லைங்களே" என்று உண்மையான வருத்தத்துடன் கோப்பை மூடினார் வியாகுலம்.

பெண்டாட்டியும் போய் சீட்டும் போன அரங்கநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. காசியம்மாள் அழவில்லை. துணிமணியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். எதிர்க்கட்சியின் மாவட்டச் செயலாளர் தனசேகரன் அவளுடைய சித்தப்பா மகன். அந்தக் கட்சிக்கு அப்படி ஒரு அறிவிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. தங்கச்சிக்கு அன்றைக்கே சீட்டு. "பதினைந்து வருஷக் குடும்ப ஆட்சியை ஒழிப்போம்!" என்று காசியம்மாள் தெருத்தெருவாக முழங்கினாள். மக்களும் பொங்கியெழுந்து அவளை ஜெயிக்க வைத்தார்கள்.

மறுநாள் காலை அவள் வாசலில் நீண்ட வரிசை. குடும்ப ஆட்சியை ஒழித்த வாக்காளப் பெருமக்கள்தான். ஒருவர் கையிலும் மனு இல்லை. சித்தி, அண்ணி, பெரியம்மா என்று ஆளுக்கொரு உறவுமுறை சொல்லிக்கொண்டு நின்றார்கள். அவர்களை இடித்துக்கொண்டு அரங்கநாதன் முன்னால் வந்தார்.

"காசி, என்னைத் தெரியலையா? நான் ஒன் சொந்த அத்தை மகன்!"

"தெரியுது மாமா" என்றாள் கவுன்சிலர். "கடைசில போய் நில்லுங்க. ஒங்களுக்கு முன்னாடியே பதினோரு அத்தை மகன் நின்னுகினு இருக்காங்க."