கிணற்றில் போட்ட ஈயக்கட்டி

இரண்டாவது முறையும் தனபால் தப்பான பொருளோடுதான் மேலே வந்தார். முதல் தடவை பித்தளைக் குடம். இப்போது பம்புக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு, துருப்பிடித்தது.

"மாஸ்டர், இது முப்பது வருசத்துக்கு முந்தின மாடலுங்க," என்றார். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவரின் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணா, நான் போட்டதை எடுங்க. பம்பு அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் வின்ஸ்டன், படிக்கட்டில் நின்றபடி.

கோயம்புத்தூரில் கடல் கிடையாது. அதனால் காற்றுச் சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபா நீச்சலின் பயிற்சியாளர் வின்ஸ்டன், நீச்சல்குளப் பாடம் முடித்தவர்களை மேல்பயிற்சிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கருப்பாத்தாளின் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டி வருவார். இன்று தேடி எடுக்கும் பரீட்சை. சேறு படியட்டும் என்று நேற்று மாலையே மஞ்சள் பெயின்ட் அடித்த இரண்டு கிலோ ஈயக்கட்டி ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்று முங்கலில் எடுக்க வேண்டும்.

தேறினால்தான் அடுத்த வாரம் அந்தமானில் மூழ்கிய கப்பலைப் பார்க்கும் குழுவில் இடம். மகள் சண்முகப்பிரியா போன மாதமே தேறிவிட்டாள். கல்யாணமாகிக் கனடா போகுமுன் அப்பாவோடு ஒருமுறை கடலுக்குள் இறங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தனபாலோ இந்தப் பரீட்சைக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்து கோட்டைவிட்டவர்.

ஆகவே இந்த முறை ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். பட்டறையில் ஈயத்தை உருக்கி, அச்சு அசலாக அதேபோல் ஒரு மஞ்சள் கட்டி வார்த்து, முங்கும்போது போடும் ஜாக்கெட்டின் பைக்குள் ஒளித்துவைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டுமே!

அதுவே வினையாயிற்று. கூடுதல் இரண்டு கிலோ அவரை நேராகச் சேற்றில் இறக்கியது. எழ முயன்று காலை உதைத்தார், சேறு கிளம்பியது. கையால் விலக்கினார்; இன்னும் கிளம்பியது. கிணறு முழுக்க டீயாகிவிட்டது.

மேலே கருப்பாத்தாள் காப்பித் தம்ளரோடு வந்தாள்.

"ஏனுங்க தம்பி, காலையிலிருந்து அப்படி என்னத்தைத் தேடறாரு?"

"பரீட்சைங்க அக்கா. சொல்லப்படாது."

"செரி செரி, எனக்கெதுக்கு! எங்க குடம் கெடைச்சுது, அது போதுமுங்க."

மூன்றாவது முங்கல். அரை மணி நேரம் தடவியும் ஒன்றும் சிக்கவில்லை. தனபாலின் கை மெல்லப் பைக்குப் போனது. கட்டியைத் தொட்டதும் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. "எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்பாளே! கடலுக்கடியில் தன்னை நம்பி வரப்போகும் பிள்ளையிடம் பொய் சொல்வதா? கையை எடுத்துவிட்டார்.

"கெடைக்கலீங்க மாஸ்டர்," என்றார் மேலே வந்து. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது.

"போட்ட எடம் எனக்குத் தெரியுமுங்க. எடுத்துக் காட்டறேன் பாருங்க," என்று வின்ஸ்டன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு தானே குதித்தார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒற்றைச் செருப்போடு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா... எனக்கே கெடைக்கலைங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்களை ஃபெயில் போடறது? பையில ஒண்ணைக் கொண்டாந்து ஏமாத்தறவங்களையும் பாத்திருக்கேன். நீங்க கெடைக்கலைன்னு நெசத்தைச் சொன்னீங்க. அந்தமானுக்குக் கெளம்புங்க!"

தனபால் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். ஒரு கை மட்டும் ஜாக்கெட் பையை இறுகப் பொத்திக்கொண்டது.

"இப்பவாச்சும் சொல்லுங்க தம்பி, என்னதான் தொலைஞ்சுது?" என்றாள் கருப்பாத்தாள்.

"மஞ்சக் கலர்ல ஒரு ஈயக்கட்டிங்க அக்கா."

"அடக் கண்ணு, அதுங்களா? நேத்துப் பொழுதோட நீங்க கை தவறிப் போட்டுட்டுப் போறீங்கன்னு, பக்கத்துத் தோட்டத்துல சொம்பை அடமானம் வெச்சுப் கெணத்துல விழுந்ததைத் துழாவி எடுக்கற பாதாளக்கரண்டியை எரவலா வாங்கியாந்து அப்பவே எடுத்துப்போட்டேன். மாவுப் போசி மூடி மேல, பூனை தள்ளிராம பாரமா வெச்சிருக்கறேனுங்க!"