அரையிறுதியும் ஆட்டிறைச்சிக் கறியும்

எல்லைக் கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருப்பவனுக்குக் கிரிக்கெட் மிக நன்றாக விளங்கும். உள்ளே நின்று ஆடுபவர்களுக்குக் கொஞ்சம் விளங்கும். பயிற்சியாளருக்கு ஒன்றுமே விளங்காது. இந்த மூன்று உண்மைகளையும் நான் நீண்டகாலம் மனதார நம்பியிருந்தேன். போன கோடையில் ஒரு சனிக்கிழமை மூன்றாவதை மட்டும் கைவிட வேண்டி வந்தது. (முதலாவதை விடவில்லை. அதையும் விட்டால் சனிக்கிழமைகளில் எனக்கு என்ன வேலை?)

என் மகள் ஆரணி மெல்பேர்னில் கிளேட்டன் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறாள். அங்கே தமிழ் மாணவர் சங்கத்துக்குப் பெண்கள் கிரிக்கெட் அணி ஒன்று உண்டு. ஆரணி அதன் விக்கெட் காப்பாளர். பிள்ளைகள் ஆடும்போது பெற்றோர் நாங்கள் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தின் கீழே கதிரைகளைப் போட்டுக்கொண்டு அணியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்போம். அணிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்காது.

எங்கள் மரத்தடிக்குத் தலைவர் சிவநேசன் அண்ணை. ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தன் கொலிஜ் அணிக்காக ஆடியவர். (பன்னிரண்டாவது ஆளாக. தண்ணீர் கொண்டுபோனார். ஆனால் அந்தத் தண்ணீரை அவர் கொண்டுபோன விதத்தைக் கேட்டால் மூன்று விக்கெட் எடுத்த மாதிரி இருக்கும்.) அவருடைய பேத்தி எங்கள் அணியில் நடுவரிசையில் துடுப்பெடுத்தாடுபவள்.

அந்த வருடம் அணி முதல்முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. நியாயப்படி நாங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்திருந்தோம்.

பயிற்சியாளர் கவிதா மதுரைக்காரப் பெண். உயிர்வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. ஊரில் கல்லூரி அணிக்கு ஆடியவள். அவள்மேல் எங்களுக்குப் பல குற்றச்சாட்டுகள் இருந்தன.

"உந்தக் கோச் ஒருக்காலும் சத்தம் போடமாட்டா," என்பார் சிவநேசன் அண்ணை. "சத்தம் போடாத ஆள் என்ன கோச்?"

"நீங்கள் போடுற சத்தம் காணாதே அண்ணை?" என்று என் மனைவி வாசுகி கேட்பாள்.

"நான் சும்மாவே கத்துறன் பிள்ளை? போன கிழமை பாத்தனீங்கள்தானே. முதல் பாதியில புலி மாதிரி ஆடினாளவை. ரெண்டாம் பாதியில ஒருத்திக்கும் குனியேலாமப் போச்சு. ஏன்?"

அந்த 'ஏன்'தான் என் வாழ்க்கையில் விளையாடியது. மருந்து மாத்திரைகளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. ஒரு மாத்திரை சரியாகக் கரையவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். அந்த மூளையோடு ஒரு வாரம் முழுவதும் யோசித்தேன். காரணம் கிடைத்தது: பசி.

கவிதா இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வாழைப்பழமும், அரிசியைப் பொரியாக ஊதவைத்து வட்டமாக அமுக்கிய ஒரு சாமானும். நான் அதைத் தின்று பார்த்தேன். சாமான் வந்த பெட்டியைத் தின்றாலும் அதே ருசிதான் இருக்கும். இதைத் தின்றுவிட்டு எந்தப் பிள்ளை குனிந்து பந்து பொறுக்கும்?

"அண்ணை, பிழை சத்தத்தில இல்லை. சாப்பாட்டில," என்றேன்.

 சிவநேசன் அண்ணை என் முழங்காலில் தட்டினார். "நீ படிச்சவன் தம்பி."

சங்கத்தின் செயலாளர் மதுரா என்ற மாணவி. பயிற்சியாளர் விஷயத்தைப் பெற்றோரோடும் கதைத்து முடிவெடுக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள். அரையிறுதி முடிந்ததும் மரத்தடிக்கு வருவதாக ஏற்பாடு. வென்றால் கவிதா தொடர்வாள். தோற்றால் சிவநேசன் அண்ணையின் பழைய நண்பர் ஒருவர் வருவார். அவர் நன்றாகச் சத்தம் போடுவாராம்.

ஆரணிக்கு இது தெரிந்ததும் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். "கோச் போனா நானும் போயிடுவன் அப்பா. ஷீ இஸ் த பெஸ்ட்," என்று மட்டும் சொன்னாள்.

"பிள்ளை, நான் அவவைக் காப்பாத்தத்தான் பாக்கிறன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வயிறு நிறைந்தால் அணி வெல்லும், அணி வென்றால் கவிதா இருப்பாள், எல்லோரும் சந்தோஷமாக இருப்போம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அரையிறுதி அன்று விடிய எழும்பிச் சமைத்தேன். ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், சவ்வரிசிப் பாயாசம். ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் உள்ளே இருப்பதன் பெயரை ஒட்டி, பரிமாறும் வரிசைப்படி காரின் பின்பக்கத்தில் அடுக்கினேன். வாசுகி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கோச்சிட்டக் கேட்டனீங்களே?"

"கேட்டா வேண்டாமெண்டு சொல்லுவா."

"அப்ப அதுக்குத்தானே கேக்கிறது?"

நான் பாயாசப் பாத்திரத்தின் மூடியை இன்னும் ஒருமுறை இறுக்கினேன்.

எதிரணி வேறொரு பல்கலைக்கழகத்தின் விடுதி மாணவிகள். எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், நெடிய வலிய பிள்ளைகள். எங்கள் அணி முதலில் துடுப்பெடுத்தாடி நல்ல ஓட்டம் சேர்த்தது. இடைவேளையில் கவிதா, கணுக்கால் சுளுக்கிய ஒரு பிள்ளைக்குக் கட்டுப்போட அவளை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் காரின் பின்கதவைத் திறந்தேன்.

கறி வாசனை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"அப்பா, நோ!" என்றாள் ஆரணி.

"கொஞ்சம்தான் பிள்ளை. ஒரு இடியப்பம்."

எங்கள் ஆட்களில் எவராவது ஒரு இடியப்பத்தோடு நிறுத்தியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதிலும் பரிமாறியவர் சிவநேசன் அண்ணை. "வடிவாச் சாப்பிடு, ஓடுற பிள்ளை," என்று சொல்லிச் சொல்லி வைத்தார். ஆரணியும் பாவம், வாசனைக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் கொள்கையோடு நிற்பாள்?

அப்போதுதான் வாசுகி என் கையைப் பிடித்தாள். எதிரணிப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க நாங்கள் மட்டும் சாப்பிடுறதோ? பார்க்கச் சரியில்லை."

அரையிறுதியாவது ஒன்றாவது. சாப்பாட்டுப் பாத்திரம் திறந்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவரை வா என்று கூப்பிடாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. கூப்பிட்டோம். வந்தார்கள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய வழிய இன்னும் வேண்டும் என்றார்கள். அவர்களுடைய அணித்தலைவி சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடித்தாள். நடுவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அதில் கிரஹாம் என்ற பெரியவர் பாயாசத்தை என்னவென்று கேட்டார். வாசுகி விளக்குவதை விட்டுவிட்டு வைத்தாள். திரும்பவும் வைத்தாள். போதும் என்று அவர் சொன்னதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னொருமுறையும் வைத்தாள்.

கவிதா திரும்பி வந்தபோது இரண்டு அணிகளும் புல்லில் சாய்ந்து கிடந்தன. அவள் பாத்திரங்களைப் பார்த்தாள். மூடிகளை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு அங்கிள் சமைச்சது?"

"நான்தான்," என்றேன். (பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

அவள் கண்ணை மூடித் திறந்தாள். எதிரணிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவங்களும் நல்லா சாப்பிட்டாங்களா?"

"வடிவா."

"இறைச்சி மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க அங்கிள்," என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பிறகு தன் பிள்ளைகளை எழுப்பி வட்டமாக நிறுத்தினாள். "இறைச்சி சாப்பிடாதவங்க கை தூக்குங்க."

கட்டுப்போட்ட பிள்ளைக்குப் பதிலாக வேறொருத்தி நிற்க, ஒரே ஒரு கை உயர்ந்தது. டிலானி. மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்க வேதக்காரர். தவக்காலம் என்று இறைச்சியைத் தொடாமல் வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள்.

"நீதான் முதல்ல போடுற. மத்தவங்க யாரும் ஓட வேணாம். உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவங்களாலயும் ஓட முடியாது. நின்ன இடத்துலருந்து தூக்கித்தான் அடிப்பாங்க. எல்லாரும் எல்லைக்கோட்டுல போய் சும்மா நில்லுங்க. பந்து தானா வரும்."

அதற்குப் பிறகு நடந்ததைக் கிரிக்கெட் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி இரண்டு கால்களுக்கு நடுவால் போன பந்தைத் திரும்பிப் பார்த்தாள், பின்னால் போகவில்லை. ஆரணி விக்கெட்டின் பின்னால் குந்தினாள், எழும்புவதற்கு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினாள். எதிரணியோ ஒவ்வொரு ஓவருக்கும் தண்ணீர் கேட்டது. ஒரு ஓட்டம் எடுக்க அவர்கள் நடந்த நடையைப் பார்த்தால் கடைக்குப் போய் வருகிற மாதிரி இருந்தது.

ஆனால் கவிதா சொன்னது சொன்னபடி நடந்தது. டிலானி மெதுவாகச் சுழற்றிப் போட, அவர்கள் தூக்கித் தூக்கி அடித்தார்கள். எல்லையில் சும்மா நின்ற பிள்ளைகளின் கைகளுக்குப் பந்து வந்தது. சில விழுந்தன. சில நின்றன. ஒரு பிடியைச் சிவநேசன் அண்ணையின் பேத்தி உட்கார்ந்தபடியே எடுத்தாள்.

கடைசியில் இப்படி வந்து நின்றது: அவர்களுக்கு வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். எங்களுக்கு ஒரு விக்கெட் வேண்டும்.

பந்தைத் தட்டிவிட்டு அவர்கள் ஓடப் பார்த்தார்கள். ஒருத்தி பாதியில் வேண்டாம் என்று திரும்பினாள். பந்து ஆரணியின் கைக்கு வந்தது. அவள் விழுந்தபடியே குச்சிகளைத் தட்டினாள். அந்தப் பிள்ளையின் மட்டை கோட்டுக்கு வெளியே தூரத்தில் இருந்தது. மரத்தடி முழுவதும் துள்ளி எழுந்தது. சிவநேசன் அண்ணையின் கதிரை மடங்கி விழுந்தது. எல்லோரும் நடுவர் கிரஹாமைப் பார்த்தோம்.

அவர் பக்கவாட்டில், தொப்பி நெற்றிக்கு இறங்க, குதிரை நிற்பதுபோல நின்றபடியே கண்ணை மூடியிருந்தார்.

சத்தத்தில் விழித்தார். நிலைமையைப் புரிந்துகொண்டார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "மன்னித்துக்கொள் மகளே, நான் பார்க்கவில்லை. பார்க்காததை என்னால் அவுட் கொடுக்க முடியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த பந்து எல்லையைத் தாண்டியது.

வாசுகி மெதுவாக என் பக்கம் குனிந்தாள். "அந்த மூண்டாவது பாயாசம் நான் வச்சிருக்கக் கூடாது."

மதுரா மரத்தடிக்கு வந்தாள். பிள்ளைகளும் வந்து புல்லில் விழுந்தார்கள். கவிதா மட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தோற்றால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

"சரி, அங்கிள்மார், என்ன முடிவு?" என்றாள் மதுரா. சிவநேசன் அண்ணை தொண்டையைச் செருமினார்.  

"பிள்ளை," என்று அவர் தொடங்கினார், "நான் கனக்கக் கிரிக்கெட் பாத்தவன். நித்திரை கொள்ளுற பத்துப் பிள்ளையளை வச்சு ஒருத்தி ஆட்டத்தை ஒரு விக்கெட் வரைக்கும் கொண்டுவந்ததை நான் காணேல்லை. இதுகள் முழிச்சிருந்தா இவ என்ன செய்வா எண்டு யோசிச்சுப் பார்!"

"அப்ப உங்கடை கூட்டாளி?"

"அவன் சும்மா கத்துவான். விடு."

மதுரா சிரித்தாள். "அப்ப ஒருத்தரையும் மாத்தத் தேவையில்லை, என்ன?"

புல்லில் முகம் குப்புறக் கிடந்த ஆரணி தலையைத் தூக்காமலே கையை உயர்த்தினாள். "கோச் இருக்கட்டும். அப்பாவை மாத்துங்கோ."

எதிரணிப் பிள்ளைகள் வரை திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அதில் மிகப் பெரிய சத்தம் கவிதாவுடையது. அவளுக்கு அவ்வளவு குரல் இருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் இணையம் வேலை செய்யாவிட்டாலும், காரில் பெட்ரோல் தீர்ந்தாலும், கறியில் உப்புக் கூடினாலும் தீர்வு ஒன்றுதான். நகரின் மறுகோடியில் கிரெய்கிபர்னில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகள்கூட அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அப்பாவை மாத்துங்கோ. இன்னும் ஒருவரும் மாற்றவில்லை.

இந்தக் கோடையில் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. பிள்ளைகள் இரண்டாம் பாதியிலும் குனிகிறார்கள். வருகிற ஞாயிறு இறுதியாட்டம். நேற்றுக் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் கண்டிப்பா வரணும். ஆனா கையை வீசிட்டு வரணும்."

எங்கள் பழக்கத்தில் இது சுலபமான காரியம் இல்லை. இன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் வெறுங்கையோடு கொஞ்சம் நடந்து பார்த்தேன். பரவாயில்லை, வரும் போலத்தான் இருக்கிறது.