விசாரணைக்கு வந்த ரொட்டி

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தால் அரை நிமிடத்தில் நீதிபதியாகிவிடும் ஓர் உயிரினம் உண்டு, வாசகரே. பல்கலைக்கழகங்களில் அதற்கு மாணவர் ஒழுங்கு விசாரணைக் குழு உறுப்பினர் என்று பெயர். வராந்தாவில் பார்த்தால் நம்மைப் போலவே இருக்கும். தும்மும், குடையைத் தொலைக்கும். நாற்காலியில் அமர்ந்ததும் குரல் இறங்கும், மூக்குக்கண்ணாடி கழலும், எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஏதோ வெளிநாட்டில் வசிப்பவளைப் போல 'சம்பந்தப்பட்ட மாணவி' என்று குறிப்பிடும். 'கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொல்கிறேன்' என்று ஆரம்பித்துவிட்டால் மற்றவர்கள் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் அதில் ஒருவன். மாணவர் பிரதிநிதி. எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, இப்போது மேல்படிப்போடு விசாரணைக் குழுவிலும் உட்காரப்போகிறான் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

"நீ விசாரிக்கிறியா, உன்னை விசாரிக்கிறாங்களா? அதைத் தெளிவா சொல்லுடா," என்றாள்.

அன்றைய வழக்கு இதுதான்: இறுதியாண்டு மாணவி ஒருத்தி விடுதி அறையில் இஸ்திரிப் பெட்டியால் ரொட்டி வாட்டியிருக்கிறாள். புகை கிளம்பி, அபாய மணி அலறி, மொத்த விடுதியும் தலையில் துண்டோடு மழையில் நின்றிருக்கிறது. குழுவில் இருந்த விடுதிக் காப்பாளர் அம்மா கேட்ட தண்டனை, ஒரு பருவம் இடைநீக்கம்.

"ஒரு பருவம் போனா கிடைச்ச வேலையும் போயிடும் மேடம்," என்றாள் அவள்.

"அதை வாட்டுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஆலோசனையில் இறங்கினோம். இன்று ரொட்டி, நாளை முட்டை, மறுநாள் அறைக்கு ஒரு ஓட்டல் என்று காப்பாளர் ஏறிக்கொண்டே போக, தலைவரான வேதியியல் பேராசிரியரோ சாட்சிப் பொருளாக மேசைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியையும் மிச்ச ரொட்டியையும் விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"எனக்கொரு சந்தேகம். இதுல ரொட்டி முறுகுமா?"

"புகை வந்துச்சே சார்," என்றார் காப்பாளர்.

"புகை வர்றது வேற, முறுகுறது வேற. தெரியாம தீர்ப்பு சொல்லலாமா? தம்பி, பிளக்கைச் செருகு."

நடுநிலை என்றால் இதுவல்லவா நடுநிலை! செருகினேன். ரொட்டியைத் தாளில் சுற்றியது தலைவர், ஓரத்தை மடித்துவிட்டது காப்பாளர். "அழுத்துப்பா", "அழுத்தாதே, தேய்", "வாசனை தூக்குது சார்", "ஓரத்துத் துண்டு எனக்கு" என்று மூன்று நீதிபதிகளும் ஒரே ரொட்டியின்மேல் கவிழ்ந்து கிடக்கையில் தாளின் மூலை கறுத்தது.

மணி அடித்தது.

நிர்வாகக் கட்டடமே புல்வெளிக்கு இறங்கி வந்தது, துணைவேந்தர் உட்பட. பாதுகாப்பு அதிகாரி மூச்சிரைக்க வந்தார்.

"யாரு வேலை இது? யாரா இருந்தாலும் ஒழுங்கு விசாரணைக் குழு முன்னாடி நிறுத்தாம விடமாட்டேன்." கண் அந்தப் பெண்ணின்மேல் விழுந்தது. "நீதானே அந்த இஸ்திரிப் பெட்டி?"

"நான் ரூமுக்கு வெளியே நின்னுட்டிருந்தேன் சார். வேணும்னா குழுவைக் கேளுங்க."

குழு வானத்தைப் பார்த்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு சொல்றது சரிதான். ரொட்டி... எங்க கையிலதான் இருந்துச்சு."

அடுத்த நொடியே காப்பாளர் பொங்கினார். "பசிக்கு ஒரு ரொட்டி வாட்டுனதுக்கு ஒரு பருவமா? யாருங்க கேட்டது அதை? மனசாட்சி வேண்டாமா?"

வாய்மொழி எச்சரிக்கை போதும் என்று புல்தரையிலேயே ஏகமனதாகத் தீர்ப்பானது. அவளுடைய பருவமும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. போகும்போது தலைவரைக் கேட்டாள்:

"நல்லா முறுகுச்சா சார்?"

"ஓரம் மட்டும்மா."

மறுநாளே அவர் பதவி விலகிவிட்டார். குழுவில் இப்போது இடம் காலி. எங்கள் மூவருக்கும் என்ன தண்டனை தரலாம் என்று நீங்கள் இந்நேரம் மனத்துக்குள் முடிவு செய்திருப்பீர்கள். அதுவும் கோபத்தில் இல்லை, வருத்தத்தில்தான். வாருங்கள், தலைவர் நாற்காலியிலேயே உட்காருங்கள்.