முட்டையிட்ட விரியன்

வாழ்நாளில் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், கடிகாரக்காரர் கல்யாணத்தைச் சொல்லமாட்டார். பின்னறையில் பாம்பை விட்டதைத்தான் சொல்வார். அதுவும் வாயால் விட்ட பாம்பு.

மனைவியின் தம்பிக்கு இந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டது. மாதக்கணக்கில் தங்கப் போகிறான். வீட்டில் மிச்சமிருப்பது பின்னறை ஒன்றுதான். கடை மூடியபின் பழைய சுவர்க்கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் உட்காரும் அறை. யாரும் அவரை எதுவும் கேட்காத ஒரே இடம். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி வார்டில் நர்ஸ் வேலை. அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில், அங்கே சுவரில் ஒட்டியிருந்த பாம்புப் படம் அவருக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தார்.

"பின்னாடி ரூம்ல பாம்பு இருக்கு."

"என்ன பாம்புங்க?"

"கண்ணாடி விரியன். முக்கோணத் தலை. கிட்டப் போனா குக்கர் மாதிரி சீறுது."

"மலைப்பாம்புக் குட்டியா இருக்கப் போகுது. அதுக்கும் உடம்பெல்லாம் திட்டு இருக்கும்."

"அது கோணல்மாணலா இருக்கும். இது முதுகுல சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமா, மூணு வரிசை."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கமே போகாதீங்க. அது கடிச்சு வர்றவங்க படுற பாட்டை தினம் பாக்கறேன்."

அவள் கை நடுங்கியது. பாவி மனுஷன், அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குள் அவள் பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிட போனை எடுத்துவிட்டாள். இவருக்கு வியர்த்தது.

"வேண்டாம்மா. அது முட்டை போட்டு அடைகாத்துக்கிட்டு இருக்கு. தொந்தரவு பண்ணக்கூடாது."

போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

"முட்டையா?"

"என் கண்ணால பாத்தேன். வெள்ளை வெளேர்னு."

"அப்ப சரிங்க," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடிகாரக்காரர் அன்றைக்குக் கடையில் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

சாயங்காலம் வந்து பார்த்தால், பின்னறைக் கட்டிலில் மச்சான் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறான். கடிகாரங்களெல்லாம் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். ஒன்றின் முள்ளைச் சின்ன மகள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாம்பு?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"விரியன் முட்டை போடாதுங்க. குட்டிதான் போடும்," என்றாள் மனைவி.

அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நான் நடுங்கினேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. "எனக்கு அந்த ரூம் வேணும்மா. அதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே," என்றாள் அவள். "தம்பிக்கு நான் ஹால்லதாங்க கட்டில் போடறதா இருந்தேன்."