பை மாட்டாத நிபுணர்

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். முள் குத்தியது உங்களுக்கு. எங்கே வலிக்கிறது என்று சொல்வது அவர். இந்த இனத்துக்கு 'பை மாட்டாத நிபுணர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருத் தையல்காரருக்கு வாய்த்தவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. குடல் அறுவைக்குப் பிறகு தையல்காரரின் வயிற்றில் ஒரு துளை. கழிவு அதன் வழியே வந்து, மேலே ஒட்டிய பையில் சேரும். அவ்வப்போது பையின் கீழ்வாயைத் திறந்து கொட்ட வேண்டும். அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்: திங்கட்கிழமை கடை திறந்து, அளவெடுக்கக் குனியும்போது மானம் போகக்கூடாது.

மச்சான் சும்மா இருப்பாரா? பெல்ட்டை இறுக்கச் சொன்னார், பையை நெஞ்சுப் பக்கம் ஏற்றி ஒட்டச் சொன்னார், கீழ்வாயை மடித்து மூடுவது பழைய முறை என்று துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்தார், படம்கூட வரைந்தார். படத்தில் வயிறு சதுரமாக இருந்தது.

"முழுசா ரொம்பினதும் ஒரே தடவையா கொட்டுங்க அத்தான். வேலை மிச்சம்."

"மூணுல ஒரு பங்கு ரொம்பினாலே கொட்டணும்னு நர்ஸ் சொன்னாங்க."

"நர்ஸ் என்ன மாட்டியா பாத்தாங்க?"

கேட்டவர் மட்டும் மாட்டிப் பார்த்தவரா? ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் புதுப்பை ஒன்றில் மாவைக் கரைத்து நிரப்பி, படத்தில் உள்ளபடியே மச்சானின் வயிற்றில் ஒட்டி, தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் மச்சான்."

கால்மணி நேரத்தில் வேர்வை. அரைமணியில் அரிப்பு. தரையில் விழுந்த சாக்கட்டியை எடுக்கக் குனிந்தார் பாருங்கள், கிளிப் பறந்து ஜன்னலில் பட்டது. மாவு பேன்ட் வழியாக ஷூவுக்குள் குடியேறியது. பையைப் பிடுங்கியபோது பாதி வயிற்று முடியும் கூடவே வந்தது.

"ஒரு மணி நேரம்கூட ஆகலியேடா" என்றாள் அக்கா, துடைக்கும் துணியோடு.

மச்சான் ஷூவைப் பார்த்தபடியே கேட்டார்: "இது தினமுமா அத்தான்?"

"தினமும்தான்."

மச்சான் அதற்குமேல் பேசவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது முதல்முறை.

திங்கட்கிழமை தையல்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், நான்கு பேன்ட்டுக்கு அளவெடுத்தார். ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. பழைய பருத்திச் சட்டையில் பைக்கு அவரே தைத்த உறை, வேர்வையை உறிஞ்சிக்கொண்டது. உட்கார்ந்தே கொட்ட வசதியாகப் பையின் வாய் தொடைகளுக்கு நடுவே இறங்கியிருந்தது. தெறிக்காமலிருக்கக் கழிப்பறைக் கோப்பையில் முதலில் ஒரு காகிதம் போட்டுக்கொண்டார். யோசனை எல்லாம் மாட்டியவருடையது.

நீங்கள் அந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போது, 'கிளிப்பை மட்டும் கொஞ்சம் பெரியதாகப் போட்டிருக்கலாமே' என்று தோன்றியதா? தையல்காரரிடம் இன்னும் ஒரு பை இருக்கிறது. மாவும் இருக்கிறது.