மாமனார் இடுப்பில் பச்சைப் பெயிண்ட்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை அமர்க்களமாக விளக்குவதில் என்னை மிஞ்ச செங்கல்பட்டுத் தாலுகாவில் ஆள் கிடையாது. (படிப்பு எட்டாவது, பேச்சு எம்.ஏ.)

எழுபதுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த என் மாமனாருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கத் தாக்குதல். முதலில் கதிர்வீசும் தங்க மணிகளைச் சுரப்பிக்குள்ளேயே பதித்தார்கள். சில வாரம் கழித்து வெளியிலிருந்து கோபால்ட் கதிர்.

“பொண்ணுக்கு நான் போடாத தங்கத்த எனக்குள்ள போட்டுட்டானுங்க, மாப்ள” என்றார் மாமனார்.

தினமும் பஸ்ஸில் கூட்டிப்போவது என் பொறுப்பு. கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட இடுப்பில் ஊதா மையால் கோடுகள். “அழியக் கூடாது. கொஞ்சம் விலகினாலும் நோய் தப்பிச்சுடும், நல்ல குடல் வெந்துடும்” என்றார் டாக்டர். எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

பாதி வைத்தியத்தில் மாசி மகம் வந்தது. சாமி கடலாடும்போது குப்பத்தில் எவரும் கரையில் நிற்பதில்லை. “முழுக்குப் போடாம அப்பால எந்த மூஞ்சிய வெச்சிகினு கடல்ல எறங்குவேன்?” என்று மாமனார் கண்கலங்கியதும் என் விஞ்ஞான மூளை விழித்தது. எண்ணெயில் தண்ணீர் ஒட்டாதல்லவா? கோடுகள்மேல் தேங்காயெண்ணெயை அப்பி இறக்கிவிட்டேன். மூன்று முழுக்கு. எழுந்து வந்தபோது கோடு மொத்தமும் வேட்டியில் இருந்தது.

“இன்னா மாப்ள, ஒண்ணத்தையும் காணோம்?”

“பேஜாராவாதீங்க மாமா, எடம் எனக்கு ஞாபகம் கீது.”

படகுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்ட் வீட்டில் இருந்தது. இனி எந்த அலைக்கும் அழியாதபடி நானே கோடு போட்டேன். (நேராகத்தான் போட்டேன். இடம்தான் வேறு.)

மறுநாள் கோபால்ட் அறையில் மாமனார் வேட்டியை விலக்கியதும், கருவி இயக்குபவர் டாக்டரைக் கூப்பிட்டார்.

“இது யார் வேலை?”

“நான்தான் சார். உங்க மை நிக்கலேன்னு...”

“இதுல கதிர் விட்டிருந்தா தொடைக்குத்தான்யா வைத்தியம்! உள்ள வெச்ச தங்கம் அதோட வேலைய முடிச்சுடுச்சு. மிச்சத்த இந்தக் கோபால்ட்தான் முடிக்கணும், நடுவுல நாள் விடக் கூடாது. கொன்னுருப்பியே அவர!”

மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அளந்து, கோடு போட நான்கு நாள் பாழ். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பங்கையும் சேர்த்து மாமனார்தான் சாப்பிட்டார். பெயிண்ட்டைத் தேய்த்தெடுத்தால் தோல் கெட்டுவிடுமாம். அதனால் அதை அப்படியே விட்டு, ‘பச்சையை நம்ப வேண்டாம்’ என்று நோய்ச்சீட்டில் எழுதிவைத்தார் டாக்டர்.

மாமனார் பிழைத்தார்; அதற்கப்புறம் எத்தனையோ மாசி மகம் முழுகினார். ஆனால் இன்றும் குப்பத்தில் யாராவது பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போது நான் அந்தப் பக்கம் போனால், என் மைத்துனன் கத்துவான்:

“டேய், மச்சான் வந்துகினு கீறாரு! வேட்டிய இறுக்கிக் கட்டுங்கடா!”