கோந்துவும் நாலு டயரும்

உலகத்தில் கார் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. டயர் வைத்திருந்த மனுஷர் கோந்து ஒருவர்தான். அந்த நாலு டயருக்கு மேலே ஒரு காரும் இருந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க். அங்கே ஃபிட்டராக இருந்தவர் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவருடைய கார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும் அழகைப் பார்த்து யாரோ கோந்து என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

கார் என்னவோ, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதில் உட்கார்ந்தால் பக்கத்தில் போகும் மாட்டு வண்டிக்காரரின் கால் கட்டைவிரல் நம் மூக்குக்கு நேராக இருக்கும். எஸ்டேட்டில் வேறு யாரிடமாவது அது இருந்திருந்தால் துடைத்துத் துடைத்தே பெயிண்டை எடுத்திருப்பார்கள். கோந்து பெயிண்டைத் திரும்பியும் பார்த்ததில்லை.

சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் கார் ரேஸ் நடந்த காலம் அது. ஜனங்கள் ரேஸ் பார்க்கப் போவார்கள். கோந்து டயர் பார்க்கப் போவார். பந்தயம் முடிந்ததும், ஓட்டியவர்கள் கழற்றிப் போட்ட அரைகுறை டயர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடுவார். ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னொன்றை உருட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கழுத்தில் இருந்ததற்கும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டபோது, "இது மாலை மாதிரிப்பா" என்று வாதாடினார் பாருங்கள், பஸ்ஸே சிரித்தது.

ரேஸ் டயரின் ரப்பர் மெத்தென்று இருக்கும். சூடு ஏறினால் ரோட்டை விடாது. ஆனால் குளிர்ந்து கிடந்தால் சாதா டயரை விட மோசம்.

"மத்த டயர் ரோட்டு மேல ஓடுது நைனா. இது ரோட்டுக் கையைப் புடிச்சிகினு ஓடுது" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு குழைவு வரும்.

ஆகையால் தினமும் காலையில் சூடு ஏற்றும் வைபவம் நடக்கும். நேராகக் கிடக்கும் ரோட்டில் இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வருவார். பார்க்கிறவர்கள் ஓரம் ஒதுங்கிக் கும்பிடு போடுவார்கள். ஒருநாள் கான்ஸ்டபிள் ஒருவர் மடக்கி, வாயை ஊதச் சொன்னார். கோந்து நல்ல பிள்ளையாக ஊதினார். காலையில் தின்ற இட்லியின் வாடைதான் வந்தது.

"அப்பால ஏன்யா பாம்பு மாதிரி வர்றே?"

"டயருக்குச் சூடு ஏத்திகினு கீறேன் சார். கையை வெச்சுப் பாருங்க."

அவர் கான்ஸ்டபிளின் கையைப் பிடித்து, ஜுரம் பார்ப்பதுபோல டயர் மேல் வைத்தார். மறுநாளிலிருந்து அந்தக் கான்ஸ்டபிள் மடக்குவதை விட்டுவிட்டு, "ஏறிச்சாப்பா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

எஸ்டேட் ரோடு முழுக்க லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் சிதறிக் கிடக்கும். மற்ற வண்டிகள் அதன் மேல் ஏறிப் போய்விடும். கோந்துவின் டயரோ ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வரும். சாயங்காலம் சங்கு ஊதி நாங்கள் எல்லாம் வீட்டுக்கு ஓடும்போது, அவர் கோணி ஊசியும் கையுமாகக் குந்திக்கொண்டு ஒவ்வொரு சுருளாக நெம்பி எடுப்பார். வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், காரைப் பட்டறைக் கொட்டகையில் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு நடப்பார். "மழையில இது சோப்புக் கட்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாங்கள் கேலி செய்தோம்தான். ஆனால் ஒரு பொருளை அதன் குணம் குற்றம் இரண்டோடும் நேசித்த மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் மேரியைப் பார்த்தார். ஆவடி மாதா கோயிலில், பூசை முடிந்து படி இறங்கும்போது. டயரைத் தவிர வேறொன்றை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. மேரி பள்ளிக்கூட டீச்சர். அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் ஹவில்தார். மேரிக்கும் மனசு இருந்தது. ஹவில்தாருக்குத்தான் இல்லை.

பெண் கேட்க என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஹவில்தார் வாசலுக்கு வந்து டயரைப் பார்த்தார்.

"இது ரேஸ் டயராச்சே. மழையில வழுக்கிகினு போயிடும். மலை ரோட்டுல எத்தினி வண்டி உருண்டுதுன்னு பாத்தவன் நான். இதைக் கயட்டிட்டு வா தம்பி. அப்பால பொண்ணைப் பத்திப் பேசலாம்."

அந்த வாரம் முழுக்க கோந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார். டயரைக் கழற்றவும் கை வரவில்லை, மேரியை விடவும் முடியவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. நானே ஹவில்தாரிடம் போய், "ஒரு தடவை உக்காந்து பாருங்க சார், அப்புறம் முடிவு சொல்லுங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். சரி என்றார்.

ஆவணி மாத வெயில். ஹவில்தார் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக முன்னால் உட்கார்ந்தார். மத்தியஸ்தனான என்னைப் பின்னால், மடித்த கூரையை வைக்கும் பள்ளத்தில் சொருகினார்கள். கோந்து சூடு ஏற்றினார். ஹவில்தார் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து வளைவில் வண்டி திரும்பியது பாருங்கள், என் குடல் நேராகப் போயிற்று, கார் மட்டும் தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பியது. ஹவில்தார் வாயிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. பாதிக் கல்யாணம் முடிந்ததென்று நான் நினைத்தேன்.

வளைவைத் தாண்டினால் ரோட்டை அடைத்துக் கேழ்வரகுக் கதிர். வண்டி ஏறி மிதித்தால் தானியம் உதிரும் என்று பரப்பியிருந்தார்கள். கோந்து பிரேக்கை மிதித்தார். முதல் கதிருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

கதிருக்குச் சொந்தக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "ஏன் நின்னுட்டே? ஏறிப் போ நைனா."

"ஏறுனா டயர்ல ஒட்டிக்கும்மா."

"லாரிக்காரன்லாம் ஷோக்காப் போறான். நீ ஒரு பொம்மைக் காரை வெச்சிகினு ரொம்பத்தான் பண்றே. ஏறிப் போய்யா."

கோந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தம்மா விடவில்லை. கடைசியில் ஏறினார். அந்தப் பக்கம் போய் நின்றபோது நாலு டயரும் நாலு பெரிய எள்ளுருண்டையாக இருந்தன.

"ஐயோ, என் கேவுரு எல்லாம் தூக்கிகினு போறானே!"

ஹவில்தாரின் மீசை துடித்தது. வேறு யாராக இருந்தாலும், சொன்னேனா இல்லையா என்று அந்தம்மாவிடம் ஒரு பாட்டம் சண்டை பிடித்திருப்பார்கள். கோந்து துண்டை விரித்தார், கோணி ஊசியை எடுத்தார், முதல் டயருக்கு முன்னால் குந்திவிட்டார். மணி மணியாகத் துண்டில் விழ ஆரம்பித்தது. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு இன்னொரு டயருக்குப் போனேன். கொஞ்ச நேரம் கைகட்டி நின்ற ஹவில்தார், வெயில் தாங்காமலோ மனசு தாங்காமலோ, கஞ்சி போட்ட சட்டை மடங்க அவரும் குந்தினார்.

"தெனமும் இப்படித்தான் நோண்டுவியா?" என்றார் ஹவில்தார்.

"ஆமா சார். எஸ்டேட்டுல இரும்பு."

"மழை வந்தா இன்னா பண்ணுவே?"

"பஸ்சுல போவேன் மாமா."

மாமா என்று வாய் தவறி வந்துவிட்டது. கோந்து ஊசியோடு அப்படியே உறைந்துபோனார். ஹவில்தார் தலை நிமிராமல் இன்னும் கொஞ்சம் கேழ்வரகை நெம்பினார்.

"தூறல்னா?"

"தூறலுக்கும் பஸ்சுதான்."

"அப்போ டயர் இருக்கட்டும்" என்றார் ஹவில்தார்.

அந்தம்மா துண்டிலிருந்த தானியத்தை முறத்தில் வாங்கிக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் கூழ் ஊற்றினார். கோந்து அதை ஒரே மூச்சில் குடித்தார். ஒரு வாரப் பசியல்லவா.

கல்யாணம் ஐப்பசியில். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? கோயிலில் மோதிரம் மாற்றும்போதே இடி இடித்தது. வெளியே வந்தால் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. பூச்சரம் சுற்றிய கார் மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறது. விருந்து நடக்கும் இடமோ அம்பத்தூரில். கோந்து கோட்டும் சூட்டுமாகப் போய்க் குனிந்து டயரில் உள்ளங்கையை வைத்தார். எழுந்தார்.

"பஸ்சுதான்."

சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். "கல்யாணப் பொண்ணைப் பஸ்சுல இட்டுகினு போறதா? இன்னிக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டினா இன்னா கெட்டுப்போச்சு?" என்று ஒரு பெரியப்பா கத்தினார். கோந்து மேரியைப் பார்த்தார். வெள்ளை உடுப்பைக் கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேரி ஏற்கெனவே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஹவில்தார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கோந்து மேரியை அங்கே உட்கார வைத்து, நனைந்திருந்த அவர் கையைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது ரோட்டில் நின்ற ஹவில்தார், குடையைக் கை மாற்றிக்கொண்டு, மருமகனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அவர் கண்ணில் இருந்ததெல்லாம் மழைத் தண்ணீர் இல்லை.

பிறகு நான் வேலை மாறி ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். இப்போதும் மழை நாளில் பஸ் ஏறினால், இடம் காலியாக இருந்தாலும் உடனே உட்காருவதில்லை. எல்லா ஜன்னலோரமும் ஒருதடவை பார்த்துவிடுவேன், எதிலாவது அவர்கள் இரண்டு பேரும் இருக்க மாட்டார்களா என்று.